நூற்றாறாவது ஊர்

மார்ச் 18, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்தின் வாசலில் அப்பா செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"எனக்கு என்ன கேடு? ஊசி குத்திக்கவா சாளக்கிராமம் போறேன்?"

"அறுபது தாண்டினவங்க எல்லாரும் ரிப்போர்ட் குடுக்கணும்னு யாத்திரைக் குழு பட்டாபி சொல்லியிருக்கார்ப்பா. அந்த இடம் பன்னிரண்டாயிரம் அடி உயரம்."

"அப்ப நீயும் எடுத்துக்கோ. நீ குத்திக்கிட்டா நானும் குத்திக்கிறேன்."

எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு பிடிவாதம். எனக்கு நாற்பத்தாறுதான், ரிப்போர்ட் தேவையே இல்லை. ஆனாலும் கல்லூரி நூலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தது வீணாகக் கூடாதென்று நானும் படுத்துக்கொண்டேன். ரத்தம், இ.சி.ஜி., எக்கோ. மார்பில் ஜில்லென்று களிம்பு தடவிக் கருவியை உருட்டிய பெண் அப்பாவை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். எனக்கு அரை மணி நேரம் ஆனது. நடுவில் எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டிவந்து திரையைக் காட்டினாள். புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது.

பணம் கட்டும் இடத்தில் ஒரு வேடிக்கை. "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா மேடம்?" என்றாள் அங்கே இருந்த பெண். அப்பா பி. ஆளவந்தார். பி என்பது அவருடைய அப்பா பெருமாள். நான் ஏ. பத்மாசனி. ஏ என்பது ஆளவந்தார். ஆனால் பட்டாபி எல்லோருக்கும் விமான டிக்கெட்டுக்குத் தோதாகப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார், அதில் குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் இருவருக்குமே ஆளவந்தார் என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் பத்மாசனியைப் 'பி' என்று சுருக்கி என்னையும் 'ஆளவந்தார் பி.' ஆக்கிவிட்டது.

அப்பா சிரித்தார். "எனக்குன்னு இருந்தது ஒரு பேரு. அதையும் பங்கு போட்டுட்டா என் பொண்ணு."

மார்ச் 20, வியாழன்

நூலகத்தில் இருக்கும்போது போன் வந்தது. முதலாண்டு மாணவிகள் இருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆளவந்தார் பி. ரிப்போர்ட் விஷயமா பேசுறேங்க. டாக்டர் உடனே நேர்ல பாக்கணும்னு சொல்றார். ஹார்ட் பம்பிங் ரொம்பக் கம்மியா இருக்கு. முப்பது பர்சென்ட். மலைப் பயணம்னு எழுதியிருக்கீங்க, அதெல்லாம் கூடவே கூடாதாம்."

"ஆளவந்தாருக்கா?"

"ஆமாங்க. ஆளவந்தார், பி."

"இன்னொண்ணு?"

"அது நார்மல்."

மாணவிகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறேன். அவர்கள்தான் சொன்னார்கள்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு கவர்களையும் வாங்கி வந்தேன். இரண்டின் மேலும் ஒரே பெயர். ஒன்றில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர். டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வருவார், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படியால் இறங்கி வந்துவிட்டேன்.

சிவப்பு ஸ்டிக்கர் கவரைப் பிரிக்கவில்லை. பிரித்துப் படிக்காதவரை, போனில் யாரோ ஒரு பெண் சொன்ன வார்த்தை அது, அவ்வளவுதான். படித்துவிட்டால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரிந்தால் அப்பாவிடம் சொல்லவேண்டும். சொன்னால் அவர் போக முடியாது.

நூற்றெட்டு திவ்யதேசங்களில் இரண்டு இந்தப் பூமியில் இல்லை. திருப்பாற்கடலும் பரமபதமும் உயிர் போன பிறகு போகிற இடங்கள். உடம்போடு போகக்கூடியவை நூற்றாறு. ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்த அப்பா, வருஷாவருஷம் கிடைத்த பாஸை வைத்து நூற்றைந்து பார்த்துவிட்டார். மிச்சம் இருப்பது நேபாளத்தில் இருக்கும் சாளக்கிராமம் ஒன்றுதான். "நம்ம பாஸ் செல்லாத ஊர்லபோய் உக்காந்திருக்கான் பாரு" என்று அதையும் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறார். ஒருமுறை கிளம்ப நினைத்து, டிக்கெட் எடுக்குமுன் அம்மா படுத்தாள். பதினோரு வருஷம் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிற்று.

கவரைப் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 22, சனி

செய்துவிட்டேன். யாத்திரைக் குழு பட்டாபியிடம் மற்றக் கவரை, ஸ்டிக்கர் இல்லாததை, அப்பாவுடையது என்று கொடுத்துவிட்டேன். மேலே எழுதியிருப்பதும் அதே பெயர்தானே.

எதிரிலேயே பிரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒவ்வொரு தாளாகப் படித்தார். உள்ளே வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"அடேயப்பா, எழுபத்தாறு வயசுல இப்படி ஒரு ஹார்ட்டா! எனக்கே இல்ல மேடம். ஸ்வாமியை ஓடவிட்டே கூட்டிட்டுப் போகலாம்."

என்ன படித்தாரோ. பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்லும் ரகம். கடவுள் காப்பாற்றினார் என்று எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 24, திங்கள்

அப்பா மாடிப்படி ஏறும்போது கீழே நின்று கவனிக்கிறேன். பன்னிரண்டாவது படியில் நின்றார். எனக்கு உயிரே இல்லை. கொடியில் காய்ந்த துண்டு சரிந்திருந்ததாம், அதை எடுத்துப் போட்டுவிட்டு மேலே போனார். நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்பு.

மார்ச் 27, வியாழன்

பீரோவைத் திறந்தால் சிவப்பு ஸ்டிக்கர் கவரின் வாய் விரிந்து கிடந்தது. வெயிலுக்குப் பசை விட்டிருக்கிறது. உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி வைத்தேன். அப்பாவின் ஆதார் அட்டையும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவரே எடுத்து வைத்துக்கொண்டாராம்.

மார்ச் 30, ஞாயிறு

அப்பாவிடம் ஏதோ மாறியிருக்கிறது. மூன்று நாளாக என்னை எந்த வேலையும் செய்யவிடுவதில்லை. இன்று காலை தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். கொஞ்சம் தளும்பினாலே "இப்படியா தண்ணி தூக்குறது" என்று திட்டுகிற மனிதர்.

"விடுங்கப்பா, நீங்க தூக்கக் கூடாது."

"நான் ஏன் தூக்கக் கூடாது?"

 அவர் மறுபடி கேட்கவில்லை. இருவரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். போகப்போகிறவர்களுக்கு இப்படி ஒரு கனிவு வரும் என்பார்கள். அம்மாவுக்கும் கடைசியில் வந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

புனேயிலிருந்து தம்பி கோதண்டம் பேசினான்.

"அக்கா, ரிப்போர்ட்டெல்லாம் நார்மல்தானே?"

"நார்மல்."

"படம் புடிச்சு அனுப்பு."

"பட்டாபிகிட்டக் குடுத்துட்டேன்டா."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அங்க போய் அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, முடிவு எடுத்தது நீதான். எங்கிட்ட யாரும் கேக்கல."

"ஒன்னைக் கேட்டா ஒரு வாரம் கழிச்சுப் பதில் சொல்லுவ."

பேச்சை மாற்றி, கம்பளிக் குல்லாய் வாங்கிவிட்டாயா என்றான். பதினோரு வருஷம் அம்மாவுக்குப் படுக்கை மாற்றியது யார் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பெட்டி கட்டிவிட்டேன். சிவப்பு ஸ்டிக்கர் கவர் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 5, சனி. ரயிலில்

இருபத்திரண்டு பேர். அப்பா எல்லோரிடமும் "இதோட நூத்தாறு" என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் அவரைச் சேவிக்கக்கூடச் செய்தார்கள். எதிர் இருக்கையில் குமுதவல்லி என்று கும்பகோணத்துக்காரர். அறுபத்தைந்து வயது இருக்கும், வாய் மூடுவதில்லை. நல்லவர். அவருடைய கணவர் பத்ரியில், சன்னதிக்குப் போகிற பாலத்திலேயே விழுந்து இறந்துபோனாராம்.

"குடுத்து வச்சவர்டி கண்ணு. யாத்திரையில போறவாளுக்கு மறுபிறவி கிடையாது. நான்தான் பின்னாலேயே ஓடி ஓடிப் பாக்குறேன், எனக்கு ஜலதோஷம்கூட வரமாட்டேங்குது."

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். குமுதவல்லியை அல்ல, என்னை.

ஏப்ரல் 6, ஞாயிறு. ரயிலில்

நாக்பூர் தாண்டிய பிறகு வெளியே ஒரே மண்நிறம். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடக்கிறது. இரண்டு நாள் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் வீங்காது? அப்பா கணுக்காலை நான் கேட்டுத் தொட்டுப் பார்த்தேன். கட்டைபோல இருக்கிறது. வீக்கமே இல்லை. இதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீங்கும் என்று படித்திருக்கிறேன். எல்லோருக்கும் வராது போலும்.

மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அப்பா திடீரென்று கேட்டார்.

"பத்மா, உனக்குப் பயமா இல்லையா?"

எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். தன் உடம்பு தனக்குச் சொல்லாதா? பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை.

"பயந்து என்னப்பா ஆகப்போவுது? நீங்க ஆசைப்பட்டது நடக்கணும். அதுக்கு மேல எது வந்தாலும் வரட்டும்."

அவர் கண் நிறைந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆறாவது படிக்கும்போது அப்படிச் செய்தது, அதற்கப்புறம் இல்லை. "ஒன்ன மாதிரி ஒரு பொண்ணு யாருக்கு வாய்க்கும்" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

எங்களுக்குள் ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லாமல் எல்லாம் பேசி முடித்துவிட்டதுபோல் இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள். கோரக்பூர்

வெந்நீர் வரவில்லை. புழுக்கம். விடுதித் தலையணை அப்பளம்போல இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் சரியானது. நான் கேட்காமலேயே அப்பா எழுந்து வந்து தன் தலையணையையும் என் தலைக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8, செவ்வாய். பொக்காரா

எல்லை தாண்டியதிலிருந்து பஸ் வளைந்து வளைந்து பத்து மணி நேரம். பாதி மலை சரிந்து சாலையில் கிடக்கிறது, இயந்திரம் வைத்து ஒதுக்கும்வரை நின்று நின்று போகிறார்கள். ஓர் இடத்தில் கீழே பள்ளத்தில், எங்களுடையதைப் போலவே ஒரு பஸ், சக்கரங்கள் மேலே பார்க்கக் கிடந்தது.  பட்டாபி, "பழசு, அது போன வருஷத்துது" என்றார், கேட்காமலேயே.

நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அப்பா ஒருமுறைகூட இல்லை. பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து என் பையை அவர்தான் தூக்கிவந்தார். தடுத்தேன். "சும்மா வாம்மா" என்றார்.

குமுதவல்லி என் அறைத் தோழி. தலை வாரிக்கொண்டே கேட்டார்: "அப்பாவோட காலத்துக்கப்புறம் என்ன பண்ணப்போற?"

"மைசூர் போவேன். அங்க பழைய ஏட்டுச்சுவடி வேலை ஒண்ணு இருக்கு. ஒரு சின்ன வீடு எடுத்துக்கிட்டு இருப்பேன். காலையில எட்டு மணிவரைக்கும் தூங்குவேன்."

சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதில் இவ்வளவு தயாராக இருந்தது எனக்கே திகைப்பாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன். பொக்காரா

சாளக்கிராமத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமுக்குப் போகும் சிறிய விமானம் காற்றினால் ரத்து. அங்கே காலை பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிடுமாம், பிறகு எதுவும் இறங்காது, ஏறாது. விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். அப்பா முகம் சுண்டிவிட்டது.

"நாளைக்கும் போகலேன்னா?"

"நாளன்னைக்குப் போகலாம்ப்பா."

"நாளன்னைக்கும் போகலேன்னா? வாசல் வரைக்கும் வந்து திரும்புறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்." பிறகு பட்டாபியிடம் போய், காற்றுக்கு அவர்தான் பொறுப்புபோலச் சண்டை போட்டார்.

சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் என்றாலும், அம்மாவுக்கு வலி என்றாலும், ரிசர்வேஷன் செய்த யாத்திரையை அவர் ரத்து செய்ததில்லை. இதை இன்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன். ஜோம்சோம்

வந்துவிட்டோம். இருபது நிமிஷம்தான். இரண்டு பக்கமும் பனிமலை, நடுவில் இறக்கையைச் சாய்த்துச் சாய்த்து. இங்கே ஒரு மரம் இல்லை. சாம்பல் நிற ஆற்றுப்படுகையில் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டு வருகிறது. அப்பா இறங்கியதும் ஓடுதளத்திலேயே விழுந்து சேவித்தார். கை கொடுக்கக் குனிந்த நான் எழுந்திருக்க முடியாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் என்னைத் தூக்கிவிட்டார்.

ஒன்பதாயிரம் அடி. நாளை ஜீப்பில் இன்னும் மூவாயிரம் ஏறவேண்டும்.

இனி எழுதுவதை ஒழுங்காக, நடந்தது நடந்தபடி எழுதவேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டாபி எல்லோரையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மேலே போகிறவர்களின் விரலில் ஒரு கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்தி பேசும் ஒரு நடுவயது மனிதர். அப்பாவுக்கு மாட்டியதும் எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. அந்த மனிதர் அப்பாவின் முதுகில் தட்டி என்னவோ பாராட்டினார். பிறகு எனக்கு மாட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைத் துடைத்து மறுபடி மாட்டினார். வேறு விரலில் மாட்டினார். எழுபத்து நான்கு. என் காலைக் கட்டை விரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. குழாயை மார்பில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதாவது நோய் உண்டா என்று கேட்கிறார் என்று புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

அப்போது அப்பா பின்னாலிருந்து தன் ரயில்வே இந்தியில் சொன்னார்.

"இஸ்கா தில் கம்ஸோர் ஹை. தீஸ் பர்சென்ட்."

எனக்கு இந்தி வராது. ஆனால் தில் என்றால் இதயம் என்று யாருக்குத்தான் தெரியாது? தீஸ் முப்பது. அந்த எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில் தவிர எங்கும் எழுதவில்லை.

என்னைப் படுக்கவைத்து மூக்கில் குழாய் மாட்டினார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு கேட்டேன்.

"அப்பா. யாருக்கு முப்பது?"

"என்னம்மா இது. உனக்குத்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆதார் அட்டை தேடுறப்ப பீரோவுல அந்தக் கவரைப் பாத்தேன். என் பேரு போட்டிருக்கேன்னு பிரிச்சேன். உள்ள நாப்பத்தாறு வயசு, பெண்ணுன்னு இருந்துது." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சேலைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தியே."

"நான் அதைப் பிரிக்கவே இல்லப்பா."

"என்னது?"

"நான் படிக்கல. போன்ல ஆளவந்தார்னு சொன்னா. உங்களுக்குன்னு நெனச்சேன்."

இருந்த முக்காலியில் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். காற்று தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. 

"உனக்குத் தெரிஞ்சுதான் வர்றேன்னு நெனச்சேன். எனக்காக. ரயில்ல கேட்டேனே. எது வந்தாலும் வரட்டும்னு சொன்னியே."

"வெளிப்படையாக் கேட்டிருக்கலாமேப்பா. வீட்டுலயே."

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது, எப்போதும்.

"கேட்டா போகவேணாம்னு ஆயிடும்" என்றார்.

அதே நாள், மாலை நான்கு மணி

சுகாதார நிலையத்து மனிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை முதல் விமானத்தில் நான் கீழே இறங்கவேண்டும். ஜீப் சாலை கூடாது, குலுக்கல் தாங்காது. ஆறு மணிக்குக் குழு மேலே போகிறது. ஏழு மணிக்கு விமானம். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம், அதுவும் கால்வாசி.

பட்டாபி கையைப் பிசைந்தார். "ஸ்வாமி, நீங்கதான் முடிவு பண்ணணும். மேடத்தோட இறங்குறீங்களா, எங்களோட ஏறுறீங்களா? மத்தியானத்துக்குள்ள தரிசனம் முடிஞ்சு நாம இறங்கிடலாம். ஆனா மேடம் அதுவரைக்கும் தனியா..."

"நான் வேணா இருக்கேன் இவளோட" என்றார் குமுதவல்லி.

"உங்களுக்கு இது எத்தனாவது?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்து மூணு."

"போயிட்டு வாங்கம்மா. நான் பாத்துக்குறேன்."

 எல்லோரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

"நீங்க மேல போங்கப்பா" என்றேன்.

அப்படிச் சொன்னால், மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம் நினைத்தேன்.

"சரிம்மா" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஐந்தரை மணிக்கு அப்பா குளித்துவிட்டு வந்தார். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில். திருமண் இட்டு, அம்மா பின்னிக்கொடுத்த சால்வையைப் போர்த்தியிருந்தார். மூப்பே தெரியவில்லை. படுக்கைக்கு அருகில் வந்து நின்றார்.

"உனக்காக வேண்டிக்கிறேன். போனதும் மொதல் வேலை அதுதான்."

"சரிப்பா."

"மத்தியானத்துக்குள்ள கீழ இறங்கிருவேன். ஜீப்புலயே நேரா பொக்காரா வந்துருவேன்."

"சரிப்பா. குல்லா போட்டுக்குங்க."

ஜீப் கிளம்பிய சத்தம் ரொம்ப தூரம்வரை கேட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாச் சத்தமும் அப்படித்தான்.

ஏழு மணி. விமானம் வரவில்லை.

எட்டரை. பொக்காராவில் மேகமாம். காத்திருக்கச் சொல்கிறார்கள்.

சும்மா படுத்திருக்கும்போது ஒன்றை எழுதிவிடுகிறேன். அன்று நூலகத்தில் அந்தப் பெண் போனில் சொன்னாள் இல்லையா, முப்பது பர்சென்ட், மலை கூடாது என்று. அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. பயமும் இல்லை. தோளிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இனிமேல் எட்டு மணிவரை தூங்கலாம். அதற்குப் பிறகுதான் மாணவிகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் பிறகுதான், அவர் ஆசையை நிறைவேற்றி வைக்கவேண்டும் என்ற நல்ல எண்ணமெல்லாம் வந்தது. டாக்டரைப் பார்க்காமல் பின்படியில் இறங்கினேனே, எந்த எண்ணத்தில் இறங்கினேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இந்த மலைக்கு அழைத்து வந்திருக்கிறோம்.

பத்து மணி. காற்று எழுந்துவிட்டது. ஓடுதளத்தில் கொடி விறைத்து நிற்கிறது. இன்று விமானம் இல்லை.

சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. மேலே, கோயிலை ஒட்டிய ஊரான ராணிபௌவாவில் வேறு சிலிண்டர் கேட்டிருக்கிறார்கள், அனுப்புவார்கள் என்கிறார்கள். எப்போது என்று சொல்லவில்லை. விரல் நகங்கள் நாவல்பழம் தின்றதுபோல் இருக்கின்றன. உட்கார்ந்தே எழுதுகிறேன். படுத்தால் முடியவில்லை.

இந்நேரம் அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். சன்னதிக்குப் பின்னால் நூற்றெட்டுத் தாரைகள் கொட்டுமாம், ஒவ்வொன்றிலும் தலையைக் கொடுத்து ஓடவேண்டுமாம். ஓடுவார். நல்ல இதயம்.

நேற்றைய மனிதருக்கு இன்று வேலை இல்லை. வேறு ஒரு பெண் வந்திருக்கிறாள், வட்ட முகம், நல்ல சூடான கை. கையில் ஒரு படிவம். பெயர் கேட்டாள், பத்மாசனி என்று மட்டும் சொன்னேன். வயது கேட்டாள். பிறகு, "ஸாத் மே கௌன்?" என்றாள். கூட யார் என்கிறாள். இந்தியில் சொல்ல எனக்குச் சொல்லும் இல்லை, மூச்சும் இல்லை. ஒரு கிழவரைப்போல முதுகை வளைத்துக் காட்டி, "பிதாஜி" என்றேன். எங்கே என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே, மலைக்கு மேலே விரலைக் காட்டினேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

மேலே காட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தமோ அதுதான் இங்கேயும்.

தலையாட்டி மறுத்திருக்கலாம். அதற்கு வேண்டிய மூச்சு இருந்தது. மறுக்கவில்லை.